ஜாலான் புசாரில் இரண்டு பேர், வளைகுடாவில் ஓர் இடம்

ஞாயிறு, காலை

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் நேரம் நான்கு மணிக்குக் கொஞ்சம் மேலே. ரயிலில் சென்னைக்குப் போவதைவிடக் குறைவு என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பட்டுக்கோட்டைக்காரர். கப்பல் பட்டறையில் வேலை, விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். "போறதுக்கு நேரம் கம்மிதான் மேடம். திரும்பி வர்றதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆகுது" என்றார். அதற்குப் பிறகு நான் பெருமை பேசவில்லை.

"மேடம் டூரா?" என்று அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"இல்லைங்க, பரீட்சை" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். வளைகுடா நாடுகளில் ஜூலை, ஆகஸ்டில் பள்ளி கல்லூரிகள் மூடிக் கிடக்கும்போது இளைஞர்களுக்கு ஆங்கிலக் கோடை வகுப்புகள் நடக்கும். எட்டு வாரம். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில், உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் ஏசி, இருபது பையன்கள், ஓர் ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்கு நானும் போய் வந்தேன். நன்றாக நடத்துகிறவர்களை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போது என் கல்லூரி வேலையை நம்பித் திரும்பி வந்துவிட்டேன். அந்தத் தனியார் கல்லூரி இந்த மார்ச்சில் என் பிரிவையே மூடிவிட்டது. பதினாறு வருடம் ஆங்கிலம் நடத்தியதற்கு ஒரு சால்வை போட்டார்கள்.

இப்போது கோடை வகுப்புகளுக்கு ஆள் எடுப்பது சிங்கப்பூரில் உள்ள ஒரு புதிய நிறுவனம். பழைய ஆளானாலும் முதலிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். வளைகுடாவிலிருந்து துறைமுக வேலை பழக வந்திருக்கும் இளைஞர்களுக்கு அவர்கள் மார்சிலிங்கில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். அந்த வகுப்பில் நின்று அரை மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். இடம் ஒன்று. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. எனக்கு நாற்பத்து நான்கு.

சாங்கியிலிருந்து ஜாலான் புசாருக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். டாக்சிக்கு இருபத்தாறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆனது. ஓட்டுநர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"ஜாலான் புசார் நல்ல இடம் லா. தேக்காவுக்கு, நம்ம ஆளுங்க கடைத்தெருவுக்கு, நடந்தே போயிரலாம். இன்னைக்கு சண்டே, ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கும் மேடம்."

"ஊர்ல இருக்கிற மாதிரி இருக்கிறதுக்கு நான் ஏங்க இவ்வளவு தூரம் வரணும்?"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "மேடம் டீச்சரா?" என்றார்.

ஹோட்டலுக்குக் கீழே இரும்புச் சாமான் கடை. பழைய கடைவீட்டின் மேல்தளங்களை அறைகளாக்கியிருக்கிறார்கள். எங்களுடைய அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம், படுக்கவைக்க முடியாது. நிறுவனத்தின் செலவு என்பதால் இருவருக்கும் ஒரே அறை. எனக்குப் போட்டியாக வந்திருந்தவள் முந்தின நாளே வந்துவிட்டாள். அவளை வெறுப்பதற்கு முழுத் தயாரிப்போடுதான் கதவைத் தட்டினேன். அவள் கதவைத் திறந்ததும் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஒரு டப்பாவை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கக்கா. எங்க ஊரு மக்ரூன். பாதி நொறுங்கிட்டு."

தூத்துக்குடி ஜெனிட்டா. என்னைவிட இரண்டு வயது இளையவள். மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சையாகி ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறார். மூத்த பெண் நர்சிங் முதலாண்டு. இதையெல்லாம் இரண்டு மக்ரூன் தின்று முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். மதியத்துக்குள் எங்களுக்குள் 'நீங்க' குறைந்து, நான் அவளை ஒருமையில் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்குத் தோற்கடிக்க வேண்டியவளோடு இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

"நீங்க என்ன பாடம் எடுக்கப் போறீங்கக்கா?"

"இன்னும் முடிவு பண்ணலை" என்றேன். முழுப் பொய். மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்த அட்டைக் கட்டு என் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

ஞாயிறு, மாலை

ஐந்து மணிக்கு ஜெனிட்டா தன் பாடத்துக்கான சார்ட்டை விரித்துக் கட்டிலுக்குப் பின் சுவரில் ஒட்டினாள். "அக்கா, ஒரு தடவ ஒத்திகை பாக்கேன். கேட்டுட்டுச் சொல்லுதீங்களா?"

குடும்ப மரம். பச்சைத் தாளில் வெட்டிய இலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம்: அப்பா, அம்மா, அண்ணன், தங்கை. மாணவனை எழுப்பி அவன் குடும்பத்துப் பெயர்களைக் கேட்டுக் கட்டத்தில் எழுதுவாள். பிறகு அந்தப் பெயர்களை வைத்து வாக்கியங்கள். நம் ஊரில் எல்லாரும் நடத்துவதுதான். ஆனால் அவள் நடத்தியபோது எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. குரல் அறையை நிறைத்தது. சிரிப்பு உண்மையான சிரிப்பு. என்னை மாணவனாக்கி அப்பா பெயர் கேட்டாள், சொன்னேன். அடுத்த கட்டத்தில் மார்க்கரை வைத்து, அதே சிரிப்போடு, "வாட் இஸ் யுவர் மதர்ஸ் நேம்?" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வளைகுடா ஊரில், என்னோடு வேலை பார்த்த ஐரிஷ்காரர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். வகுப்பில் நானும் இருந்தேன். சயீத் என்று ஒரு பையன், பதினெட்டு வயது. மேஜையைப் பார்த்தான். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். அவனுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து அவர் இன்னும் உரக்க, இன்னும் மெதுவாக, மறுபடி கேட்டார். பையன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அந்தக் கோடை முழுக்க அவன் திரும்பி வரவில்லை. அங்கே பலருக்கு அம்மா பெயரையும் அக்கா தங்கை பெயரையும் வெளியாள் முன்னால் சொல்வது பெரிய சங்கடம் என்று இன்னொரு மாணவன் பிறகு எனக்குச் சொன்னான். பள்ளியில் ஒருவனுடைய அம்மா பெயர் தெரிந்துவிட்டால் அதை வைத்தே கேலி செய்வார்களாம். அந்தப் பெயரை வெளியே விடாமல் காப்பது மகனுடைய பொறுப்பு. எல்லா இடத்திலும் எல்லாரும் அப்படியென்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்த வகுப்பில் அப்படித்தான்.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் ஜெனிட்டா.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரும்புச் சாமான் கடைகள் பாதிக்கு மேல் பூட்டியிருந்தன. சையது ஆல்வி ரோடு வழியாகச் சிராங்கூன் ரோட்டுக்குப் பத்து நிமிட நடை. டாக்சிக்காரர் சொன்னது பொய்யில்லை. வாரம் முழுதும் கட்டட வேலையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தெருவில் இருந்தார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, காய்கறிக் கடைகளில் முருங்கைக்காய், புல்வெளி ஓரம் வட்டம் வட்டமாக உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால். எதையும் ரசிக்கும் நிலையில் நான் இல்லை. பூக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "அங்க இருக்கிறதே ஒரு இடம். அதை வெச்சு அன்னதானம் பண்ணப் போறியா?"

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா தப்பில்லையா?"

"உன்னை ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லலை. வாயை மூடிக்கிட்டு இரு. அவ்வளவுதான். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் தேடிப் போய் யார் குடியையும் கெடுக்கவில்லை. அவளே பாடம் தேர்ந்தெடுத்தாள், அவளே விழப்போகிறாள். வேலை போன மூன்று மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும், அவள் வீட்டுக்காரர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த நினைப்பு வந்ததும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. எதற்கு முதுகு அறுவை சிகிச்சையெல்லாம் என்னிடம் சொன்னாள்?

ஏழு மணிக்கு இருவரும் தேக்கா உணவு மையத்தில் சாப்பிடப் போனோம். உட்கார இடமில்லை. ஒரு மேஜை காலியாக இருந்தது; அதன் நடுவில் ஒரு சிறிய டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தது. ஜெனிட்டா உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்து, நிதானமாக நெற்றி வியர்வையைத் துடைத்தாள். இரண்டு கையிலும் தட்டோடு ஒரு பெண்மணி வந்து நின்றார்.

"சிஸ்டர், அது என் டிஷ்யூ லா. நான் சேர் பிடிச்சு வெச்சிருக்கேன்."

இங்கே இடம் பிடிக்கத் துண்டு போடுவதில்லை, டிஷ்யூ வைக்கிறார்கள். ஜெனிட்டா பதறி எழுந்து, பிரித்த பாக்கெட்டை மறுபடி மடித்து அவர் கையில் கொடுக்கப் பார்த்தாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். வேறு மேஜை கிடைத்து பிரியாணியோடு உட்கார்ந்த பிறகும் ஜெனிட்டாவுக்குக் காது சிவந்தே இருந்தது.

"யாராவது முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன்க்கா அதத் தொடப் போறேன்?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் என்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறார். சயீத் கதையைச் சொன்னேன். அம்மா பெயர் கேட்காதே, தங்கை பெயர் கேட்காதே, குடும்ப மரத்தையே எடுத்துவிடு என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி கனத்தது. அந்த முகம் அப்படியே மூடிக்கொண்டிருந்தது.

"பேரு சொல்லுததுல என்னக்கா இருக்கு? பாஸ்போர்ட்லயே அம்மா பேரு போட்டிருக்கே."

"பாஸ்போர்ட் வேற, வகுப்பு வேற."

"அப்பம் ஒத்திகையிலயே ஏன் சொல்லல? நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க?"

அவள் சோற்றைக் கிளறினாள். "உங்க பாடம் என்னன்னு கேட்டதுக்கும் இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "சரிக்கா. யோசிக்கேன்."

அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். போட்டிக்காரி முந்தின நாள் சாயங்காலம் வந்து, 'உன் பாடத்தை மாற்று' என்றால் எந்த ஆசிரியை நம்புவாள்? அறைக்குத் திரும்பி இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

திங்கள், காலை

நான் குளித்துவிட்டு வந்தபோது சார்ட் சுருட்டப்பட்டு அவள் பையில் நின்றது. பச்சை இலைகள் ஓரத்தில் தெரிந்தன.

லிட்டில் இந்தியா நிலையத்துக்கு நடந்து, நியூட்டனில் மாறி, வடக்கு நோக்கிப் போகும் ரயிலில் மார்சிலிங். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டணம் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். பீஷானுக்கு முன் ரயில் நிலத்துக்கு மேலே வருகிறது. அதற்குப் பிறகு இரு பக்கமும் வீடமைப்புக் கழகத்து அடுக்குமாடிகள், மாடிக்கு மாடி கழியில் காயும் துணிகள். எல்லாமே அவ்வளவு ஒழுங்கு. என் உள்ளே மட்டும்தான் குப்பையாக இருந்தது. ஜெனிட்டா கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஈசூன் தாண்டியதும் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, நேத்து சொன்னது சத்தியமா?"

பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். என் சுபாவம் அப்படியில்லை. இரவெல்லாம் புரண்ட எரிச்சல் வேறு. "நம்பினா நம்பு, நம்பாட்டி போ. நானா உன் காலைப் பிடிச்சுக் கெஞ்சணும்?" என்றேன். எதிரில் நின்ற சீனப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நிலையத்தில் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் பிரேமா காத்திருந்தாள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். "வாங்க வாங்க. பிரேக்ஃபாஸ்ட் ஆச்சா? டென்ஷன் ஆகாதீங்க லா. தர்ட்டி மினிட்ஸ்தான். ஒருத்தங்க நடத்தும்போது இன்னொருத்தங்க பின்னாடி உட்காரலாம், நோ பிராப்ளம். அமுதா, நேம்படி நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றாள். அமுதா நான்தான்.

வகுப்பில் பதினான்கு இளைஞர்கள், துறைமுகப் பயிற்சிச் சீருடையில். பின்வரிசையில் பிரேமாவும் நிறுவனத் தலைவரும். தலைவர் வழுக்கைத் தலை ஆங்கிலேயர். எதையும் முகத்தில் காட்டாத ரகம்.

என் பாடம் தொலைபேசியில் மருத்துவரிடம் நேரம் கேட்பது. அட்டைகளை விநியோகித்தேன், ஜோடி ஜோடியாகப் பேசவைத்தேன், பிழைகளைத் திருத்தினேன், மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது முடித்தேன். ஒரு தவறும் இல்லை. மாணவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். கை தட்டினார்கள் என்று எழுத ஆசைதான், தட்டவில்லை.

பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜெனிட்டா எழுந்து போய்ச் சார்ட்டை விரித்து ஒட்டினாள். குடும்ப மரமேதான். பக்கத்தில் தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

முதல் வரிசையில் சலீம் என்று ஒரு பையன். அவனை எழுப்பினாள். அப்பா பெயரைக் கேட்டாள். நெஞ்சை நிமிர்த்தி, பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். எழுதினாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாள், மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார் என்றான். வகுப்பு அவள் கைக்குள் வந்துவிட்டது. மார்க்கர் அடுத்த இலைக்கு நகர்ந்தது. அம்மா.

சலீமின் தோள் இறுகியதைப் பின்னாலிருந்தே பார்த்தேன். பக்கத்துப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். சயீத் எழுந்து போன அந்த அறைதான் எனக்கு முன்னால் வந்தது. ஜெனிட்டா மார்க்கரை இலையின் மேல் வைத்தபடியே நிமிர்ந்து, மாணவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையா என்று கேட்கிற பார்வை.

சும்மா இருந்திருந்தால் வேலை எனக்கு. இதை நான் அந்தக் கணத்திலேயே தெளிவாக நினைத்தேன், பிறகு நினைத்துக்கொண்டதல்ல. கேட்காதே என்று தலையை மெல்ல இடவலமாக ஆட்டினேன்.

அவள் மார்க்கரை மூடினாள். "பெயர்களெல்லாம் போதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, சார்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்து மேஜையில் போட்டாள். பிறகு சலீமிடம் கேட்டாள்: "உங்கள் வீட்டில் காலையில் உன்னை யார் எழுப்புவார்கள்? என்ன சொல்லி எழுப்புவார்கள்?"

சலீம் ஒரு நொடி விழித்தான். அப்புறம் சிரித்தான். "என் அம்மா. 'எழுந்திரு கழுதை, படகு போய்விட்டது' என்பாள்" என்றான். வகுப்பு வெடித்தது. இன்னொருவன் எழுந்து, தன் அம்மா முகத்தில் தண்ணீர் தெளிப்பாள் என்றான். தன் தம்பி வயிற்றில் ஏறி உட்காருவான் என்றான் ஒருவன். யாரும் யாரையும் பெயர் சொல்லவில்லை. மூன்று மாதமாக வாய் திறக்காத பையன் என்று பிரேமா பிறகு காட்டியவன்கூட, வீட்டு ஆடு கத்தித்தான் தான் எழுவதாகச் சொன்னான். எல்லாம் ஆங்கிலத்தில். தப்பும் தவறுமான, நிற்கவே நிற்காத ஆங்கிலம். அரை மணி முடிந்ததைத் தலைவரே கவனிக்கவில்லை.

திங்கள், பிற்பகல்

எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். முதல் தடவை வருகிற ஆசிரியர்கள் சரியாக அம்மா பெயர் கேட்கிற அந்த இடத்தில்தான் விழுவார்கள், அங்கேதான் நாங்கள் கவனிப்போம் என்றார் தலைவர். பிறகு ஜெனிட்டாவைப் பார்த்து, "வளைகுடா அனுபவம் இல்லாத உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார்.

ஜெனிட்டா என் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த கைக்குட்டையை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்.

"அவர்கள் முகத்தைப் பார்த்தேன் சார்" என்றாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். பிரேமா என்னைப் பார்த்தாள். அவளும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், என் தலை ஆடியதைக் கவனித்தாளோ என்னவோ. நானே சொன்னால் பிச்சை கேட்பது போலிருக்கும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமென்று சொன்ன வீட்டுக்காரர் அதைப் பார்க்க அங்கே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள். இடம் ஜெனிட்டாவுக்கு. "சாரி லா, அமுதா. உங்க கிளாஸ் வெரி குட். ஒரே சீட்தான்" என்று பிரேமா என் கையைப் பிடித்தாள். நானும் சிரித்து வைத்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன், முகம் கழுவினேன், வந்தேன்.

அவளுக்குச் சென்னை விமானம், எனக்குத் திருச்சி. இரண்டும் அன்றைக்கே என்பதால் ஐந்து மணிக்கு ஹோட்டலிலிருந்து ஒரே டாக்சியில் கிளம்பினோம். நல்ல மழை. சாலையில் தண்ணீர் தேங்கவில்லை, வண்டி எங்கேயும் நிற்கவில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் திருச்சித் தில்லைநகரில் இந்த மழைக்கு ஆட்டோ பாதி முங்கியிருக்கும், எல்லாரும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த நேரம் அப்படியொரு இடம்தான் தேவைப்பட்டது. இங்கே திட்டக்கூட ஆளில்லை.

காலாங் தாண்டியதும் ஜெனிட்டா கேட்டாள். "அக்கா, கோவமா?"

"ஆமா."

"வாய் வரைக்கும் வந்துட்டுக்கா, உங்க பேரு. மக முகம் வந்துச்சு, முழுங்கிட்டேன்." அழ ஆரம்பித்தாள். ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "நான் உண்மையச் சொல்லியிருந்தா உங்களுக்குக் கெடச்சிருக்கும்."

அவள் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட ஆசையாக இருந்தது. ஆனால் காலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறு விஷயம். எதைக் கேட்கக் கூடாது என்பதை மட்டும்தான் நான் அவளுக்குச் சொன்னேன். யார் உன்னை எழுப்புவார்கள் என்ற கேள்வி அவளுடையது. எனக்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. சயீத் எழுந்து போன நாளிலிருந்து அந்த வகுப்பை எத்தனையோ தடவை மனதில் நடத்திப் பார்த்திருக்கிறேன், அந்தக் கேள்வி ஒரு தடவைகூட வரவில்லை. நான் கற்றுக்கொண்டதெல்லாம் குடும்பம் என்ற பாடத்தையே தொடாமல் மருத்துவருக்கு போன் செய்வதுதான். அவளுக்கு அரை நிமிடத்தில் வந்தது. இடம் கைநழுவியதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"சொல்லியிருந்தாலும் உனக்குத்தான் கொடுத்திருப்பாங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஆனா நீ சொல்லியிருக்கணும். அது வேற."

"ஆமாக்கா" என்றாள்.

சாங்கிக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. மழையில் கடல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "போனை எடு. ரெக்கார்டு போடு" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "போடுன்னா போடு. இடது கையால புத்தகம் நீட்டாதே. தொழுகை நேரம் வந்துச்சுன்னா பாடத்தைப் பாதியில நிறுத்து, முடிச்சுட்டு விடுறேன்னு இழுக்காதே. தப்பைத் திருத்தணும்னா தனியாக் கூப்பிட்டுத் திருத்து, கூட்டாளிங்க முன்னாடி வேண்டாம். யார் வீட்டுலயாவது காபி கொடுத்தா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. போதும்னா கோப்பையை லேசா ஆட்டிக் கொடுக்கணும், வாயால வேண்டாம்னு சொன்னா நிறுத்த மாட்டாங்க. முதல் வாரம் யாரும் பேச மாட்டாங்க, பயந்துராதே."

எனக்கு மூச்சு வாங்கியது. இனி நான் நிற்கப் போகாத ஒரு வகுப்பறையின் மேஜை, ஜன்னல், பையன்கள் உட்காரும் வரிசை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜெனிட்டா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் பண்ணுனதுக்கு அப்புறமும் இதெல்லாம் எனக்கு ஏன்க்கா சொல்லுதீங்க?"

"உனக்குன்னு எவ சொன்னா? ஜூலையில உன் முன்னாடி ஒரு பையன் வந்து உட்காருவான், அவனுக்குச் சொல்றேன். ரெக்கார்டு ஓடுதா பாரு."